டர்போ குழாயில் ஆயில் வந்தது எப்படி?

கேள்வி: என் டீசல் காரில் பிக்கப் குறைந்துவிட்டது. டர்போவின் காற்றழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ஆக்சுவேட்டருக்குச் செல்லும் மெல்லிய ரப்பர் குழாயை மெக்கானிக் கழற்றியபோது உள்ளே ஆயில் இருந்தது. டர்போவையே மாற்ற வேண்டும் என்கிறார். காற்றுக்கான குழாயில் ஆயில் எப்படி வந்தது?

பதில்: அந்தக் குழாயில் இருப்பது வெற்றிடமா, காற்றழுத்தமா என்பதை முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். வெற்றிடம் என்றால், டர்போவின் மீது பழி போடுவதற்கு இடமே இல்லை; ஏனெனில் ஆக்சுவேட்டரின் டயஃபிரம் என்ற ரப்பர் சவ்வுக்கும் டர்போவின் ஆயில் பாதைக்கும் எந்தத் தொடர்பும் கிடையாது.

அப்படியானால் சந்தேகிக்க வேண்டியது அந்த வெற்றிடத்தை உருவாக்கும் வேக்குவம் பம்பைத்தான். பெரும்பாலும், எஞ்சின் வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்ட்டின் முனையில் சுழலும் இந்தப் பம்புக்கு மசகாகவும், அதன் தகடுகளின் இடைவெளியை அடைப்பதாகவும் இருப்பது எஞ்சின் ஆயில்தான். ஓடும்வரை அந்த ஆயிலைக் காற்றோடு சேர்த்து எஞ்சினுக்குள்ளேயே பம்ப் தள்ளிவிடும். ஆனால் எஞ்சினை நிறுத்தியதும் குழாயில் மிஞ்சியிருக்கும் வெற்றிடம், ஒருவழி வால்வு சரியாக மூடாவிட்டால், பம்பில் தேங்கிய ஆயிலைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். இப்படிச் சிறிது சிறிதாக நகரும் ஆயில், ஆக்சுவேட்டருக்குப் போகும் வெற்றிடத்தை மின்சாரத்தால் கட்டுப்படுத்தும் சோலினாய்டு வால்வை எட்டியதும் அதன் நுண்ணிய துளைகள் பிசுபிசுத்து, பூஸ்ட், அதாவது டர்போ தரும் காற்றழுத்தம், தாமதமாகவோ அளவுக்கு மீறியோ எழும். எஞ்சின் கணினியும் தற்காப்பாகச் சக்தியைக் குறைத்துவிடும்.

காற்றழுத்தத்தால் இயங்கும் வகையில் கதை வேறு. எஞ்சினின் அடிப்பகுதியான கிராங்க்கேஸிலிருந்து பிரீதர் என்ற காற்றோட்டக் குழாய் வழியாக வரும் ஆயில் கலந்த புகை, டர்போவில் காற்றை அழுத்தும் பகுதியான கம்ப்ரஸருக்குள் போவதால், அங்கிருந்து பிரியும் குழாயில் லேசான ஈரம் படிவது இயல்பே. சொட்டும் அளவுக்கு இருந்தால்தான் பிரீதர் அடைப்பு, பிஸ்டன் ரிங் தேய்மானம், டர்போவிலிருந்து ஆயில் இறங்கும் குழாயில் அடைப்பு ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். டர்போ ஷாஃப்டின் சீல், ரப்பரால் ஆனதன்று, உலோக வளையம். அழுத்தச் சமநிலை குலைந்தால் நல்ல டர்போவும் ஆயிலைக் கசியவிடும்.

வெற்றிட வகையானால், பம்பின் முனையிலிருந்து தொடங்கி ஒவ்வொரு இணைப்பாகக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். ஈரம் எந்த முனையில் அதிகமோ, ஆயில் பெரும்பாலும் அங்கிருந்தே வருகிறது. ஆக்சுவேட்டரில் அளவுமானி உள்ள வெற்றிடக் கைப் பம்பைப் பொருத்தி இழுத்தால் ஆக்சுவேட்டரின் தண்டு தடையின்றி நகர்ந்து, அளவுமானியின் முள் இறங்காமல் நிற்க வேண்டும். ஊறி உப்பிய குழாயையும் ஒருவழி வால்வையும் மாற்றுவதே நல்லது. சோலினாய்டைக் கழுவுவது தற்காலிகத் தீர்வுதான். குழாயை ஆக்சுவேட்டரிலிருந்து பிரிக்காமல் பட்டறையின் கம்ப்ரஸர் காற்றால் ஊதிச் சுத்தம் செய்ய மட்டும் விடாதீர்கள், டயஃபிரம் கிழிந்துவிடும்.