யார் போகிறார்கள் என்று முதலில் சொல்லுங்கள்

கொழிஞ்சாம்பாறையில் டிராவல்ஸ் வைத்து 28 வருடம் ஆகிறது. இப்போது என் வேலையில் பாதிக்கு மேல் குரூஸ் என்கிற கடல் சுற்றுலாக் கப்பல்தான். நம் பக்கத்து ஆட்கள் கேட்டிருந்த கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

தென்னந்தோப்பு வைத்திருப்பவர், கொழிஞ்சாம்பாறை: அண்ணா, நீங்க கல்ஃப் டிக்கெட் போட்டுக் கொடுத்த காலம் எனக்கு ஞாபகம் இருக்கு. கப்பல் பக்கம் எப்படி வந்தீங்க?

அந்த கல்ஃப் டிக்கெட்தான் தம்பி எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்தது. 1999-ல் நெடும்பாசேரி விமான நிலையம் வருவதற்கு முன்னால் ஆரம்பித்தவன் நான். பாஸ்போர்ட்டில் ஒரு எழுத்து மாறியிருந்தால் போதும், ஆள் திரும்பி வந்து கடை வாசலில் நிற்பார். வட்டிக்கு வாங்கிய பணம் போயிருக்கும். எந்தக் காகிதத்தையும் மூன்று தடவை படிக்கும் பழக்கம் அப்போது வந்தது. பிறகு ஒரு தேங்காய் வியாபாரி குடும்பம், சிங்கப்பூரில் இருந்து அப்போது கிளம்பிய சூப்பர்ஸ்டார் விர்கோ என்ற கப்பலில் போகணும் என்று வந்தது. ஏறிப் பார்க்காத கப்பலை எப்படி விற்பது? கூடவே போனேன். விடியற்காலை டெக்கில் அந்த வீட்டுப் பெரியவர் வேட்டியோடு ரெயிலிங்கைப் பிடித்து நின்றார். தோப்புக்குத் தண்ணீர் கட்டிவிட்டு வரப்பில் நிற்பது போல, ஒரு மணி நேரம் பேச்சே இல்லை. நான் இந்த வேலைக்கு வந்தது அன்றைக்குத்தான்.

ஓய்வுபெற்ற டீச்சர், சித்தூர்: எனக்கு 66, வீட்டுக்காரருக்கு 74. அவருக்கு முழங்கால் வலி, பஸ்ஸில் ஏறினாலே குமட்டும். பால்கனி அறை எடுத்தால் சரியாக இருக்குமா?

பால்கனி இரண்டாவது விஷயம் டீச்சர். முதலில் அறை எங்கே இருக்கிறது என்று பார்க்க வேண்டும். கிணற்று ஏற்றம் ஞாபகம் இருக்கும். நுனி தூக்கிப் போடும், நடுவில் அசைவு குறைவு. கப்பலும் அப்படித்தான். அதனால் நீளவாக்கில் நடு, உயரத்தில் கீழ் மாடி. கப்பலின் இரண்டு பக்கமும் ஸ்டெபிலைசர் என்று துடுப்பு மாதிரி இருக்கும். அது பக்கவாட்டு ஆட்டத்தைக் குறைக்கும், முன்னும் பின்னும் தூக்கிப் போடுவதை அவ்வளவாகக் குறைக்காது. குமட்டலுக்கு மாத்திரை டாக்டரிடம் கேட்டு, ஆட்டம் தொடங்கும் முன்பே போட வேண்டும். லிஃப்ட்டுக்குப் பக்கத்து அறையாகக் கேளுங்கள். சாதாரண அறைகளில் பாத்ரூம் வாசலில் ஒரு படி உயரம் இருக்கும், முழங்கால் வலிக்காரருக்கு ராத்திரி அதுதான் ஆபத்து. படி இல்லாத, வீல்சேர் நுழையும் அறைகள் எந்தக் கப்பலிலும் கொஞ்சம்தான், ஒரு வருடம் முன்பே போய்விடும். அதோடு, கப்பல் கரையில் கட்டுமா, கடலில் நின்று சின்ன படகில் இறக்குமா என்று ஒவ்வொரு ஊருக்கும் கேளுங்கள். படகு ஊர்கள் அதிகம் உள்ள பயணத்தை உங்களுக்கு நான் போட மாட்டேன்.

ஜவுளிக்கடைக்காரர், பாலக்காடு: அலாஸ்கா போகிறோம், சியாட்டிலில் ஏறி சியாட்டிலிலேயே இறங்குகிறோம். அமெரிக்க விசா இருக்கிறது. வேறு எதுவும் வேண்டாம்தானே?

வேண்டும். கனடா விசாவும் வேண்டும். அமெரிக்காவில் 1886-ல் போட்ட ஒரு சட்டம் இருக்கிறது. வெளிநாட்டுக் கொடி பறக்கும் கப்பல் அமெரிக்கத் துறைமுகத்தில் ஆள் ஏற்றி, வெளிநாட்டுத் துறைமுகம் எதையும் தொடாமல் அங்கேயே திரும்பி வந்து இறக்கக் கூடாது. பெரிய குரூஸ் கப்பல்கள் ஏறக்குறைய எல்லாமே வெளிநாட்டுக் கொடிதான். அதனால்தான் கடைசியில் கனடாவின் விக்டோரியாவில் சில மணி நேரம் நிற்கும். நீங்கள் அறையை விட்டு இறங்காவிட்டாலும் இந்திய பாஸ்போர்ட்டுக்கு விசா கேட்பார்கள்.

இதில் நான் ஒரு குடும்பத்தை அழ வைத்திருக்கிறேன். கிரீஸில் பிரேயஸ் துறைமுகத்தில் ஏறும் பயணம், நடுவில் துருக்கி ஒரு நாள். துருக்கிக்குப் போனால் ஷெங்கனை, அதாவது ஒரே விசாவில் போகக்கூடிய ஐரோப்பிய நாடுகளை, விட்டு வெளியே போன கணக்கு. திரும்பி வர மல்டிபிள் என்ட்ரி, அதாவது பல தடவை நுழையும் விசா வேண்டும். அவர்களுக்கு வந்தது சிங்கிள் என்ட்ரி. தேதியைப் பார்த்த நான் அந்த ஒரு வரியைப் பார்க்கவில்லை. ஏற விடவில்லை. இங்கே எனக்கு ராத்திரி, போனில் அந்த அம்மா “அண்ணா, கப்பல் கண்ணு முன்னால நிக்குது” என்றார். பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். அந்தக் குரலுக்கு என்ன கொடுக்க முடியும்? அன்று முதல் விசா வந்ததும் என்ட்ரி வரியைச் சிவப்புப் பேனாவில் வட்டம் போட்ட பிறகுதான் கோப்பை மூடுகிறேன்.

கொழிஞ்சாம்பாறை, பேக்கரி: விளம்பரத்தில் ஏழு ராத்திரி ரொம்ப மலிவாகப் போடுகிறார்கள். லக்சுரி கப்பல் மூன்று மடங்கு. எதற்கு?

மலிவு விலைக்கு மேல் துறைமுக வரி, டிப்ஸ், குடிக்கும் பானம், வைஃபை, கரையில் சுற்றிப்பார்ப்பது எல்லாம் தனி. டிப்ஸ் மட்டும் தலைக்கு நாளுக்கு 16 டாலர் என்று வையுங்கள், நாலு பேருக்கு ஏழு நாளில் 448 டாலர். ரீஜென்ட், சில்வர்சீ போன்ற லக்சுரி கம்பெனிகளில் டிப்ஸும் பானமும் விலைக்குள்ளேயே வரும், கப்பலில் கூட்டமும் குறைவு. எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால் வித்தியாசம் நீங்கள் நினைத்த அளவு இருக்காது. ஆனால் பத்து வயதுப் பிள்ளைகளோடு போகிறீர்கள் என்றால் லக்சுரி கப்பலில் போடாதீர்கள். சறுக்கு, நீச்சல் குளம் உள்ள பெரிய கப்பல்தான் அவர்களுக்குச் சொர்க்கம்.

கொல்லங்கோடு: சுத்த சைவம். சமாளிக்கலாமா?

நன்றாகவே. புக்கிங்கிலேயே எழுதுங்கள், முதல் ராத்திரியே ஹெட் வெயிட்டரிடம் நேரில் சொல்லுங்கள். மறுநாள் பருப்பும் சப்பாத்தியும் வரும். சமையற்கட்டில் நம் நாட்டுக்காரர்கள் நிறைய.

பொறியாளர், கோவை: அதே விலை இணையத்தில் இருக்கும்போது உங்களிடம் ஏன் வர வேண்டும்?

என் கமிஷனைக் கப்பல் கம்பெனி தருகிறது, அதுவும் பயணக் கட்டணத்துக்கு மட்டும், துறைமுக வரியில் கிடையாது. பெரும்பாலும் உங்களுக்குக் கூடுதல் செலவு இல்லை. 2020 மார்ச்சில் கப்பல்கள் எல்லாம் நின்றபோது, ஒரு கம்பெனி பணத்துக்குப் பதில், அடுத்த பயணத்தில் கழித்துக்கொள்ளும் கிரெடிட் வாங்கிக்கொள் என்று மாதக்கணக்கில் இழுத்தது. என்னிடம் எடுத்தவர்களுக்கு அந்தச் சண்டையை நான் போட்டேன். நீங்களே போடத் தயார் என்றால் தாராளமாக நேரடியாக எடுங்கள், தப்பில்லை. மருத்துவ இன்சூரன்ஸ் மட்டும் குரூஸுக்குச் செல்லும்படியாக எடுங்கள். கப்பல் டாக்டர் பில் டாலரில் வரும்.

வேலந்தாவளம், கல்லூரி மாணவி: அங்கிள், எனக்கு இந்த வேலை கற்றுக்கொள்ள ஆசை. எங்கே தொடங்குவது?

டெக் பிளானில், அதாவது கப்பலின் மாடி வரைபடத்தில் தொடங்கு கண்ணு. எந்தக் கப்பலுடையதும் இணையத்தில் கிடைக்கும். ஒரு அறையைத் தேர்ந்தெடுத்து, அதற்கு மேல் மாடியில் என்ன, கீழ் மாடியில் என்ன என்று பார். மேலே நீச்சல் குளம் என்றால் விடியற்காலையில் நாற்காலி இழுக்கும் சத்தம் தலைக்கு மேல் கேட்கும். கீழே தியேட்டர் என்றால் ராத்திரி பத்து மணிக்கும் டிரம்ஸ். மேலும் கீழும் அறைகளாகவே உள்ள பத்து அறைகளைக் குறித்துக்கொண்டு சனிக்கிழமை கடைக்கு வா, சேர்ந்து பார்ப்போம்.