குப்பைக் கட்டணம் வீட்டு வரியோடு வந்தால் மறுக்க முடியுமா?

கேள்வி: கலிஃபோர்னியாவில், எந்த நகராட்சியிலும் சேராத கவுன்டிப் பகுதியில் எங்கள் சொந்த வீடு இருக்கிறது. பத்திரம் என் பெயரிலும் மனைவி பெயரிலும். இதுவரை ஒரு தனியார் நிறுவனத்துக்கு மாதாமாதம் பணம் கட்டித்தான் குப்பை போகிறது. இப்போது இங்குள்ள சுமார் 1,800 வீடுகளைச் சேர்த்துக் 'குப்பை அகற்றல் மாவட்டம்' அமைக்கப்போவதாகவும், வீட்டுக்கு ஆண்டுக்கு 420 டாலர் சொத்து வரி பில்லிலேயே சேர்த்து வசூலிப்பதாகவும் கவுன்டி கடிதம் அனுப்பியிருக்கிறது. "ஓட்டெடுப்பு இல்லாமல் வரி போட முடியாது, அந்த 420ஐக் கழித்துக்கொண்டு மீதியைக் கட்டுங்கள்" என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். அப்படிச் செய்யலாமா?

பதில்: வேண்டாம். சொத்து வரியின் முதல் தவணைக்கு டிசம்பர் 10, இரண்டாவதற்கு ஏப்ரல் 10 கடைசி நாள். குறைத்துக் கட்டினால் 10 சதவீத அபராதம் விழும். ஜூன் 30 தாண்டியும் பாக்கி நின்றால் மாதத்துக்கு 1.5 சதவீதம் ஏறும். ஐந்து ஆண்டு அப்படியே கிடந்தால் வீட்டை விற்கும் அதிகாரம் கவுன்டிக்கு வந்துவிடும். வங்கி எஸ்க்ரோ கணக்கிலிருந்து (வீட்டுக்கடன் தவணையோடு வரிக்கென்று பிடித்து வைக்கும் கணக்கு) வரி கட்டுவதாக இருந்தால் கழிக்கவே வழியில்லை. வங்கி முழு பில்லையும் கட்டிவிட்டு உங்கள் மாதத் தவணையை உயர்த்தும்.

உங்கள் பக்கத்து வீட்டுக்காரர் சொன்னதில் பாதி சரி. கவுன்டி இதை 'சிறப்பு வரி' என்று போட்டால் தேர்தல் வைத்து, விழுந்த வாக்குகளில் மூன்றில் இரண்டு பங்கு பெற வேண்டும். 'கட்டணம்' என்று போட்டால் கதை வேறு. 1996இல் மக்கள் வாக்களித்து நிறைவேற்றிய 218ஆம் முன்மொழிவு, சொத்து சார்ந்த கட்டணங்களுக்கு ஓட்டெடுப்பு வேண்டும் என்று சொல்லிவிட்டு, தண்ணீர், கழிவுநீர், குப்பை சேகரிப்பு மூன்றுக்கும் விலக்குக் கொடுத்தது. ஆகவே கடிதத்தில் முதலில் பார்க்க வேண்டியது எந்தச் சொல்லைப் போட்டிருக்கிறார்கள் என்பதைத்தான். உறைக்குள் வாக்குச்சீட்டு இல்லாமல் விசாரணைத் தேதி மட்டும் இருந்தால், அநேகமாக அது கட்டணம்தான்.

கட்டணத்துக்கு எதிராக உங்களுக்கு உள்ள உரிமை, எழுத்து மூலமான மறுப்பு. கடிதம் அஞ்சலில் போன நாளிலிருந்து குறைந்தது 45 நாள் கழித்துத்தான் பொது விசாரணை நடத்தலாம். தொகை, கணக்கிட்ட முறை, காரணம், விசாரணை நடக்கும் நாள், நேரம், இடம் எல்லாம் கடிதத்தில் இருக்க வேண்டும். பெரும்பான்மைச் சொத்துகளிலிருந்து மறுப்பு வந்தால் கட்டணம் போட முடியாது. 1,800 வீடு என்றால் 901 மறுப்பு. இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். தேர்தலில் வராதவர் ஓட்டு எந்தப் பக்கமும் சேராது. இங்கே கடிதம் போடாதவர் எல்லாரும் கவுன்டி பக்கம். ஒரு சொத்துக்கு ஒரு மறுப்புதான் கணக்கு, எனவே நீங்களும் மனைவியும் தனித்தனியாக எழுதினாலும் ஒன்றுதான். கட்டணத்தை நேரடியாகக் கட்டும் பொறுப்பு வாடகைதாரருக்கு இருந்தால் அவரும் எழுதலாம்.

மறுப்புகள் தள்ளுபடியாவது பெரும்பாலும் அற்பக் காரணங்களுக்காக. கையெழுத்து இல்லை, முகவரியோ பார்சல் எண்ணோ (வரி பில்லில் உள்ள சொத்து அடையாள எண்) இல்லை, விசாரணை முடிந்த மறுநாள் வந்து சேர்ந்தது, இப்படி. அஞ்சல் முத்திரைத் தேதியை நம்பாதீர்கள். விசாரணை முடிவதற்குள் அவர்கள் கைக்குப் போயிருக்க வேண்டும். நேரில் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். விசாரணையில் மேடை ஏறிப் பேசியது மறுப்பாகக் கணக்கில் வராது. மின்னஞ்சல் ஏற்பார்களா என்பதைக் கடிதத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

901 பேரைத் திரட்டுவது லேசுப்பட்ட காரியமல்ல. என் கணக்கில் இதைவிடக் கூரான ஆயுதம் கணக்குப் புத்தகம். கட்டணம் சேவைக்கு ஆகும் செலவைத் தாண்டக் கூடாது, வேறு காரியத்துக்குப் போகக் கூடாது, உங்கள் சொத்தின் பங்குக்கு மேல் இருக்கக் கூடாது. வழக்கென்று வந்தால் இதையெல்லாம் நிரூபிக்கும் பொறுப்பு கவுன்டியுடையது. பொது ஆவணச் சட்டத்தின் கீழ் செலவுக் கணக்கு ஆய்வைக் கேளுங்கள். ஆவணம் இருக்கிறதா என்று 10 நாளில் சொல்ல வேண்டும், அதை மேலும் 14 நாள் வரை நீட்டிக்கலாம். வந்ததும் 420 டாலரைப் பிரித்துப் பாருங்கள்: வண்டிக் கூலி எவ்வளவு, குப்பைக் கிடங்கில் கொட்டும் கட்டணம் எவ்வளவு, பச்சைத் தொட்டி (சமையலறை, தோட்டக் கழிவு) எவ்வளவு, நிர்வாகம் எவ்வளவு. பச்சைத் தொட்டி ஏற்றத்தைப் பெரும்பாலும் குறை சொல்ல முடியாது. எஸ்.பி. 1383 சட்டப்படி 2022 ஜனவரி முதல் பொதுவாகச் சமையலறைக் கழிவைத் தனியாக எடுத்தே ஆக வேண்டும். ஆனால் தெருவோரம் யாரோ கொட்டிய மெத்தையை அள்ளும் செலவு, முதியோருக்குக் கொடுத்த சலுகையை மற்ற வீடுகள் தலையில் ஏற்றியது, வீட்டின் மதிப்பைப் பார்த்துப் போட்ட விகிதம், இவையெல்லாம் கேள்வி கேட்கத் தகுந்தவை. எல்லா வீட்டுக்கும் ஒரே தொகை என்பதை மட்டும் வைத்து வாதாடாதீர்கள், வீடுகளை நியாயமாக வகைப்படுத்தியிருந்தாலே கவுன்டிக்குப் போதும். வீடு பூட்டிக் கிடக்கிறது என்றாலும் தப்ப முடியாது. சேவை கைக்கெட்டும் நிலையில் இருந்தாலே போதும்.

விலைவாசி ஏற்றத்துக்கேற்ப ஐந்து ஆண்டு வரை கட்டணம் தானாக உயர ஒரே தடவையில் ஒப்புதல் வாங்கிக்கொள்ள முடியும். பிறகு ஒவ்வொரு ஏற்றத்துக்கும் 30 நாள் முன்னறிவிப்பு போதும். அப்படி ஒரு வாசகம் கடிதத்தில் இருக்கிறதா என்று தேடுங்கள்.

இப்போதுள்ள நிறுவனத்தை முன்கூட்டியே நிறுத்திவிடாதீர்கள், பிந்தியும் நிறுத்தாதீர்கள். கவுன்டி அனுமதியோடு மூன்று ஆண்டுக்கு மேல் நடத்திவரும் நிறுவனம், புதிய ஏற்பாடு பற்றிக் கவுன்டியின் அறிவிப்பு தனக்கு வந்தபின் ஐந்து ஆண்டு வரை தொடரச் சட்டம் இடம் கொடுக்கிறது. அது நிறுவனத்தின் உரிமை, உங்களுடையது அல்ல. நிறுவனம் தொடர்ந்தால் உங்கள் வீட்டுக்குக் கட்டணம் எப்போது தொடங்கும் என்று கவுன்டியிடம் எழுத்தில் கேளுங்கள். ஒப்பந்தத்தை முடிக்க எத்தனை நாள் முன்னறிவிப்பு என்றும் பாருங்கள், இல்லாவிட்டால் இரண்டு இடத்திலும் பணம் போகும்.

இன்னொன்று: சொத்து வரி பில்லில் வந்தாலும் இந்த 420 டாலரை மத்திய வருமான வரியில் சொத்து வரியாகக் கழிக்க முடியாது. குப்பைக் கட்டணம் அங்கே சேவைக் கட்டணம்தான்.