நீண்ட கழுத்துடைய டைனோசர்கள் அவ்வளவு பெரிதாக வளர்ந்தது எப்படி? அரியலூரில் கிடைத்ததுதான் அவற்றுள் மிகப் பெரியதா?

அக்காலக் காற்றில் ஆக்சிஜன் மிகுந்திருந்ததால்தான் சௌரோபோடுகள் எனப்படும் இந்த நீண்ட கழுத்து டைனோசர்கள் இவ்வளவு பெருத்தனவா என்றும் கேட்டிருக்கிறீர்கள். அதை நான் ஏற்கவில்லை. அதே காற்றைச் சுவாசித்த பிற தாவர உண்ணி டைனோசர்களில் மிகப் பெரியவைகூட இருபது டன்னை எட்டவில்லை. சௌரோபோடுகளில் பல வகைகளோ அந்த எடையை எளிதாகத் தாண்டின. ஆகவே காரணத்தை அவற்றின் உடலமைப்பில்தான் தேட வேண்டும்.

என் பார்வையில், உணவை மெல்லாமல் விழுங்கியதே எல்லாவற்றிற்கும் தொடக்கம். யானை உணவை அரைத்து உண்பதால், பெரிய கடைவாய்ப் பற்களும், தாடையை இயக்கும் தசைகளும், இவற்றைத் தாங்கும் கனத்த தலையும் அதற்குத் தேவைப்படுகின்றன. அத்தகைய தலையைப் பத்து மீட்டர் கழுத்தின் நுனியில் சுமக்க இயலாது. சௌரோபோடின் பற்களுக்கோ இலையைக் கொய்வது மட்டுமே வேலை. டிப்ளோடோகஸ் என்ற சௌரோபோடின் பென்சில் போன்ற பற்கள் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 35 நாட்களில் தேய்ந்து, புதிய பல்லுக்கு இடம் விட்டன. ஆஸ்திரேலியாவின் வின்டன் அருகே கிடைத்த டயமன்டினாசாரஸ் என்ற சௌரோபோடு ஒன்றின் வயிற்றுப் பகுதியில் புதைபடிவமாகியிருந்த தாவரங்கள், கடித்துத் துண்டிக்கப்பட்டிருந்தனவே தவிர மெல்லப்பட்டிருக்கவில்லை என்று 2025இல் வெளியான ஆய்வு காட்டியது.

வாய் செய்யாத வேலையைக் குடல் செய்தது. பெருங்குடலில் நுண்ணுயிரிகள் உணவைப் பல நாட்கள் நொதிக்க வைக்க வேண்டும். அதற்குக் கொள்ளளவு மிக்க உடல் வேண்டும். ஜெர்மனியின் யூர்கன் ஹும்மல் குழுவினர், ஆட்டின் இரைப்பைச் சாற்றில் பழங்காலத் தாவரங்களின் இன்றைய உறவினங்களை ஊறவைத்துச் சோதித்து 2008இல் முடிவுகளை வெளியிட்டனர். ஈக்விசிட்டம் என்னும் குதிரைவால் செடி நிறைய ஆற்றலைத் தந்தது. ஊசியிலை மர வகையான அரௌகாரியாவும், நீண்ட நேரம் நொதிக்கவிட்டபோது, இன்றைய மேய்ச்சல் தாவரங்களுக்கு ஈடுகொடுத்தது.

நீண்ட கழுத்து, உடலை நகர்த்தாமலேயே பரந்த இடத்தில் மேய உதவியது. சீனாவின் மாமென்சிசாரஸ் வகையொன்றின் கழுத்து 15 மீட்டர் இருந்திருக்கும் என்று கணிக்கப்படுகிறது. அந்நீளத்திலும் அது பாரமாகாததற்குக் காரணம், முள்ளெலும்புகளின் உள்ளே பெரும்பகுதி காற்றறைகளாக இருந்ததுதான். பறவைகளுக்கு உள்ளவை போன்ற காற்றுப் பைகள் நுரையீரலோடு இணைந்திருந்ததால், அவ்வளவு நீண்ட மூச்சுக்குழாய் வழியாகவும் போதிய காற்று உள்ளே சென்றது. இந்தக் காற்றறைகளோ மெல்லாத வாயோ பெரிதாவதற்கென்று தோன்றியவை அல்ல; முன்னோர்களிடமிருந்து வந்த பழைய பண்புகளே என்பதுதான் எனக்கு இதில் மிகவும் சுவையான செய்தி. பாலூட்டிகளின் மரபுவழியிலோ மெல்லும் பழக்கம் மிக முன்னதாகவே வேரூன்றிவிட்டதால், அவற்றுக்கு இந்தப் பாதை கிட்டவில்லை.

இனப்பெருக்கத்தையும் மறக்கக் கூடாது; உடல் பெருத்தாலும் இனம் தொடர வேண்டுமே. யானை 22 மாதம் சுமந்து பெரும்பாலும் ஒரே கன்றை ஈனுகிறது. அர்ஜென்டினாவின் ஔகா மஹூவோவில் 1997இல் கண்டறியப்பட்ட, சௌரோபோடுகளில் ஒரு பிரிவான டைட்டனோசர்களின் முட்டைகளோ ஒரு சாண் அகலம்கூட இல்லாதவை, ஆனால் எண்ணிக்கையில் ஏராளம். அவற்றிலிருந்து வந்த சிறு குஞ்சுகள் மிக விரைவாக வளர்ந்தன என்பதற்கு எலும்புத் திசுவே சான்று.

இனி அரியலூர். கல்லமேடு அருகே கிடைத்த எலும்புகளுக்கு, இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் யாதகிரியும் அய்யாசாமியும் 1980களில் புருஹத்காயோசாரஸ் என்று பெயரிட்டு, அதனை ஊனுண்ணி வகையில் சேர்த்தனர். கீழ்க்கால் எலும்பு மட்டும் ஏறத்தாழ 2 மீட்டர். 2022இல் வெளியிடப்பட்ட பழைய புகைப்படங்கள் அது டைட்டனோசர்தான் என்ற கருத்தை வலுப்படுத்தின. மறு ஆண்டு, நூறு டன்னுக்கும் மேல் என்றொரு கணிப்பும் வந்தது. ஆனால் மூல எலும்புகள் ஈரத்தில் பொடிந்து அழிந்துவிட்டதால், அந்தக் கணிப்பை எவரும் அளந்து சரிபார்க்க வழியில்லை. இன்னொரு நல்ல எலும்பு அங்கே கிடைக்கும்வரை, முள்ளெலும்புகளாவது கைவசமுள்ள, அர்ஜென்டினாவில் கிடைத்த அர்ஜென்டினோசாரஸ் என்ற டைட்டனோசரையே நான் முதலிடத்தில் வைப்பேன்.