கடல்லயும் கரண்ட், கம்பியிலயும் கரண்ட்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: பரீட்சையில 'த போட் ட்ரிஃப்டட் வித் த கரண்ட்'னு ஒரு வரி குடுத்து, கரண்ட்டுக்கு சினானிம், அதாவது அதே அர்த்தம் வர்ற வேற வார்த்தை, எழுதச் சொன்னாங்க. நான் எலக்ட்ரிசிட்டின்னு எழுதுனேன், தப்புன்னுட்டாங்க. டிக்‌ஷனரிய பாத்தா ப்ரசன்ட்னு ஒண்ணு, ஃப்ளோன்னு ஒண்ணு. ஒரே வார்த்தைக்கு எப்புடி இத்தனை அர்த்தம், இதெல்லாம் மனப்பாடம்தான் பண்ணணுமா?
– கல்லூரி மாணவி, பாம்பன்

பதில்: மனப்பாடமே வேணாம்மா. இந்த வார்த்தையோட வேர் லத்தீன் மொழியில 'குர்ரேரே', அதுக்கு ஓடுறதுன்னு அர்த்தம். அவ்வளவுதான், இத புடிச்சுக்கிட்டா மத்ததெல்லாம் தானா வந்துரும். தண்ணி ஓடுனா கரண்ட், கம்பிக்குள்ள மின்சாரம் ஓடுனா கரண்ட், இப்ப ஓடிக்கிட்டு இருக்குற மாசம் கரண்ட் மன்த், கைக்குக் கை ஓடுற காசு கரன்சி. தபால் கொண்டு ஓடுற கொரியர், கம்ப்யூட்டர் திரையில ஓடுற கர்சர், கைய எடுக்காம ஓட்டமா எழுதுற கர்சிவ் எல்லாமே அந்த வேர்லேர்ந்து வந்த சொந்தக்காரங்கதான்.

நம்ம தமிழ்லயும் இதே மாதிரி இருக்கு பாருங்க, நீரோட்டம், மின்னோட்டம், ரெண்டுலயும் ஓட்டம் இருக்கு. 'இப்போதைய'ன்னு சொல்ல வர்ற எடத்துல மட்டும் நாம ஓடாம நடந்துட்டோம், நடப்பு ஆண்டு, நடப்பு நிகழ்வுகள்னு.

உங்க பரீட்சை வரியில படகு நீவாட்டோட, அதாவது கடல் நீரோட்டத்தோட போயிருச்சுன்னு அர்த்தம். உங்க வீட்டு ஆம்பளையாளுங்க தினம் பேசுற அதே நீவாடுதாம்மா. வலைய விட்டுட்டு நிக்கிறப்போ மிதவையெல்லாம் வரிசையா ஒரு பக்கமா இழுபடும்ல, காத்து ஒரு பக்கம் அடிக்க வலை வேற பக்கம் போகும்ல, அத இழுக்குறதுதான் கரண்ட். பாம்பன் பாலத்துக்கு அடியில நின்னு பாத்தாலே தெரியும், தென்மேற்குப் பருவத்துல மன்னார் வளைகுடா பக்கமிருந்து பாக் நீரிணை பக்கம் தண்ணி ஓடும், வடகிழக்குப் பருவம் வந்தா அப்படியே திரும்பி ஓடும். அதனால அந்த வரிக்கு சினானிம் ஃப்ளோ, இல்லன்னா ஸ்ட்ரீம். டைட்னு எழுதிராதீங்க, நெறைய பேர் அங்கதான் மார்க்க விடுறாங்க. டைட்ங்குறது சந்திரன், சூரியன் இழுக்குறதால தண்ணி ஏறி வத்துறது, நம்ம கரையில அந்த ஏத்தம் வத்தம் பெரும்பாலும் ஒரு மீட்டருக்குள்ளதான் இருக்கும். டைட்டால கரண்ட் வரலாம், ஆனா ரெண்டும் ஒண்ணு இல்ல.

'இப்போதைய'ங்குற அர்த்தத்துல வந்தா ப்ரசன்ட், எக்ஸிஸ்டிங், ஆன்கோயிங், ப்ரிவெய்லிங் இதெல்லாம் வரும், எதிர்ச்சொல்லுக்கு ஃபார்மர், பாஸ்ட், அவுட்டேட்டட். ஆனா சினானிம்னு சொன்னவுடனே எங்க வேணாலும் மாத்திப் போட்டுக்கலாம்னு நெனைக்காதீங்க, இது எனக்கு ரொம்ப முக்கியமாப் படுது. க்ளாஸ்ல பேரைக் கூப்புட்டா ப்ரசன்ட்னுதான் சொல்ல முடியும், கரண்ட்னு சொல்ல முடியாது. ஃபாரத்துல கரண்ட் அட்ரஸ்னு கேக்குறான்னா இப்ப இருக்குற எடம், நாளைக்கு மாறலாம், அதுக்குத்தான் பக்கத்துலயே பர்மனன்ட் அட்ரஸ்னு தனியா கேக்குறான். வரிய மொத்தமா படிச்சு, இங்க எது ஓடுதுன்னு உங்களையே கேட்டுப் பாருங்க, விடை வந்துரும்.

கேள்வி: நான் தனுஷ்கோடிக்கு வேன் ஓட்டுறேன். வெளியூர் ஆளுங்க, வடநாட்டுக்காரங்க, வெள்ளைக்காரங்கன்னு வந்து எறங்குனதும் கடல்ல குளிக்கப் போறாங்க. 'சீ கரண்ட் டேஞ்சர்'னு சொன்னா பாதி பேருக்குப் புரிய மாட்டேங்குது. எப்புடிச் சொல்றது?
– வேன் ஓட்டுநர், ராமேஸ்வரம்

பதில்: அண்ணே, இந்தக் கேள்விய கேட்டதுக்கே உங்களுக்கு நன்றி சொல்லணும். 2017ல தனுஷ்கோடி கடைசி முனையான அரிச்சல்முனை வரைக்கும் ரோடு வந்ததுலேர்ந்து கார்லயே போய் எறங்கிடுறாங்க, அந்தக் கடலப் பத்தி ஒண்ணும் தெரியாம. நமக்குத் தெரியும், ஒரு பக்கம் பெண் கடல்னு நாம சொல்ற பாக் நீரிணை, ஒரு பக்கம் ஆண் கடல்னு சொல்ற மன்னார் வளைகுடா, முனையில ரெண்டும் சேர்ற எடத்துல இழுப்பு எப்ப எந்தப் பக்கம் திரும்பும்னு சொல்ல முடியாது. அமைதியா இருக்குற பெண் கடல் பக்கத்த பாத்துட்டு எல்லா எடமும் இப்புடித்தான்னு நெனைச்சு எறங்குறாங்க, அதுதான் பயமே.

நீங்க சொல்ல வேண்டியது இதுதான்: 'தேர் ஈஸ் எ ஸ்ட்ராங் கரண்ட் ஹியர். ப்ளீஸ் டோன்ட் கோ இன்டு த வாட்டர்.' ஏன்னு கேட்டா, 'இட் வில் புல் யூ அவே ஃப்ரம் த ஷோர்.' அவ்வளவு போதும். கரண்ட்டுக்கு முன்னால ஸ்ட்ராங் வரணும், பிக் கரண்ட், ஹெவி கரண்ட் வேணாம். 'புல்'ங்குற வார்த்தைய கைய வச்சு இழுத்துக் காட்டியே சொல்லுங்க, இங்கிலீஷ் தெரியாதவங்களுக்கும் புரியும்.

ரிப் கரண்ட்னு ஒண்ணு இருக்கு, அதையும் தெரிஞ்சு வச்சுக்கங்க. அலையா கரைக்கு வந்த தண்ணி ஒரு குறுகலான வழியில வேகமா கடலுக்குத் திரும்புறது அது. ஆள அடியில அமுக்காது, கரையிலேர்ந்து வெளிய இழுத்துட்டுப் போகும். மாட்டுனவங்க பயத்துல நேரா கரையப் பாத்து நீந்தி நீந்தித்தான் களைச்சுப் போய் முங்குறாங்க. அதை எதுத்து நீந்தக் கூடாது, கரைக்கு இணையா பக்கவாட்டுல நீந்தி அந்த இழுப்ப விட்டு வெளிய வந்துட்டு அப்புறம் கரைக்கு வரணும், முடியலன்னா மிதந்துக்கிட்டே கைய ஆட்டணும். அந்த நேரத்துல கத்துறதுக்கு 'ஸ்விம் சைட்வேஸ்', 'ஃப்ளோட், டோன்ட் ஃபைட்'. அதே கையோட அங்க நிக்கிற கடல்காரங்களக் கூப்புடுங்க, நீங்க மட்டும் குதிக்காதீங்க அண்ணே.

கேள்வி: கரண்ட் பில், கரண்ட் கட்னு நாம பேசுறது தப்பா? பையன் துபாய்ல வீடு எடுக்க 'கரண்ட் பில்' கேட்டாங்கன்னு எங்கள அனுப்பச் சொன்னான், எங்களுக்குக் கொழப்பமாயிருச்சு.
– வாசகி, ஏர்வாடி

பதில்: தமிழ்ல பேசுறப்போ தப்பே இல்லம்மா. கரண்ட் போயிருச்சு, கரண்ட் வந்துருச்சுங்குறது இப்ப தமிழாவே ஆயிருச்சு. இங்கிலீஷ்ல எழுதுறப்போதான் கவனமா இருக்கணும். அங்க கரண்ட் பில்னா 'இப்ப வந்திருக்குற பில்'னு எடுத்துக்குவாங்க, அது தண்ணி பில்லாவும் இருக்கலாம், போன் பில்லாவும் இருக்கலாம். நம்ம அர்த்தத்துல கேட்டா எலக்ட்ரிசிட்டி பில். லைட் போனா பவர் கட், அமெரிக்காக்காரங்க பவர் அவுட்டேஜ்ம்பாங்க. பையன்கிட்ட எந்த பில்லுன்னு கேட்டுட்டு அனுப்புங்க.

மின்சாரத்துக்கு ஏன் இந்தப் பேருன்னா, 18ஆம் நூற்றாண்டுல அத ஆராய்ச்சி பண்ணவங்க, கண்ணுக்குத் தெரியாத ஒரு திரவம் மாதிரி ஓடுறதுன்னு நெனைச்சாங்க. அந்தத் திரவக் கணக்கு போயிருச்சு, பேரு நின்னுருச்சு. கரண்ட்ங்குறது அந்த ஓட்டம் மட்டும்தான், அத ஆம்பியர்ல அளப்பாங்க, பில்லுல வர்ற யூனிட் வேற, அது செலவான மின்சாரத்தோட அளவு. நம்ம மாவட்டத்துலயே கமுதியில 2016ல வந்த 648 மெகாவாட் சோலார் நிலையம் இருக்குல்ல, அந்தத் தகடுல உண்டாகுறது ஒரே பக்கமா ஓடுற டைரக்ட் கரண்ட், டிசி. அத முன்னும் பின்னும் மாறி மாறி ஓடுற ஆல்டர்நேட்டிங் கரண்ட்டா, ஏசியா மாத்தித்தான் லைன்ல அனுப்புறாங்க. ரூம்ல மாட்டுற ஏசி ஏர் கண்டிஷனர், அதுக்கும் இந்த ஏசிக்கும் சம்பந்தம் இல்ல.

கேள்வி: கருவாட்டு யாவாரத்துக்கு பேங்க்ல கரண்ட் அக்கவுண்ட் போடச் சொல்றாங்க. வட்டி உண்டா?
– வியாபாரி, கீழக்கரை

பதில்: வட்டி கெடையாது காக்கா. பணம் தேங்குறதுக்கு இல்ல, தினம் வந்து போய் ஓடிக்கிட்டே இருக்குறதுக்குத்தான் அந்தக் கணக்கு, நடப்புக் கணக்கு. பேப்பர்ல நடப்புக் கணக்குப் பற்றாக்குறைன்னு வந்தா அது நாடு வெளிநாடுகளோட வச்சிருக்குற வரவு செலவு, அத நெனைச்சு நீங்க கொழம்ப வேணாம்.

கேள்வி: குரூப் 4 படிக்கிறேன். கரண்ட்லி, ப்ரசன்ட்லி ரெண்டும் ஒண்ணா?
– வாசகர், பரமக்குடி

பதில்: இல்ல தம்பி. கரண்ட்லின்னா இப்பன்னு மட்டும்தான். ப்ரசன்ட்லிக்கு அமெரிக்காவுல இப்பன்னு அர்த்தம், இங்கிலாந்துல கொஞ்ச நேரத்துலங்குற அர்த்தம் பழசாவே உண்டு. 'த டாக்டர் வில் சீ யூ ப்ரசன்ட்லி'ன்னா டாக்டர் கொஞ்ச நேரத்துல பாப்பாரு, உக்காருங்கன்னு. சந்தேகமா இருந்தா கரண்ட்லியே எழுதிருங்க. ரீசன்ட்லி இது ரெண்டுலயும் சேராது, அது முடிஞ்சு போன சமீபம்.

கேள்வி: கேக் பாக்கெட்டுல கரண்ட்ஸ்னு போட்டிருக்கே, அது என்ன?
– வாசகி, தொண்டி

பதில்: அது கருப்பா இருக்குற சின்ன உலர் திராட்சைங்க. உச்சரிப்பு ஒண்ணுதான், ஸ்பெல்லிங் வேற, நம்ம கரண்ட்ல ரெண்டு ஆருக்கு அடுத்து ஈ வரும், திராட்சையில ஏ வரும். ஓட்டத்துக்கும் அதுக்கும் ஒட்டே கெடையாது, கிரேக்க நாட்டுல கொரிந்துன்னு ஒரு ஊரு, அந்த ஊர்ப் பேருதான் மருவி அப்புடி ஆயிருச்சு.