மகளைக் கல்லூரி கூடைப்பந்து அணியில் ஒரு சீசன் ஆட விடலாமா? படிப்பு கெட்டுவிடாதா?

கேட்டிருப்பது அப்பாவா அம்மாவா தெரியவில்லை. அம்மா என்றே வைத்துக்கொண்டு எழுதுகிறேன். மகள் பி.காம். முதலாண்டு, பள்ளியில் ஆடியவள், இப்போது கல்லூரி அணியில் பெயர் வந்திருக்கிறது என்கிறீர்கள். வீட்டில் யாராவது "பந்து சோறு போடுமா?" என்று ஆரம்பித்திருப்பார்கள். எங்கள் வீட்டில் ஆரம்பித்தவர் பெரியப்பா.

ஆட விடுங்கள். ஏன் என்று சொல்ல என் மூன்றாமாண்டு சீசனைத்தான் சொல்ல வேண்டும்.

2005. தென்மாவட்டத்தில் ஒரு பெண்கள் கல்லூரி. சிமெண்ட் கோர்ட். ஒரு பக்க ரிங்கில் பாதி வலை தொங்கும், மறுபக்கம் வெறும் ரிங். காலை ஐந்தரைக்கு இறங்கினால் ஏழேகால் வரை பயிற்சி, அப்புறம் ஓடிப்போய்க் குளித்து வகுப்பு. அணிக்குப் பன்னிரண்டு பேர் வரை எடுக்கலாம். நாங்கள் பதினொரு பேர்தான். நான் ஐந்தடி ஓர் அங்குலம், பாயிண்ட் கார்டு, அதாவது பந்தைக் கொண்டுபோய் மற்றவர்களுக்குப் பாஸ் போடுகிறவள்.

அதற்கு முந்தைய வருடம், 2004இல், சர்வதேசக் கூடைப்பந்துக் கூட்டமைப்பு பெண்கள் ஆட்டத்துக்கு ஆறாம் நம்பர் பந்து என்று மாற்றியிருந்தது. அதுவரை ஆண்களுக்கும் எங்களுக்கும் ஒரே ஏழாம் நம்பர்தான். ஆறாம் நம்பர் சுற்றளவில் ஓர் அங்குலம் சின்னது, எடையும் ஐம்பது கிராமுக்கு மேல் குறைவு. எங்கள் பி.டி. மிஸ் புதுப் பந்து கேட்டு இரண்டு கடிதம் எழுதினார். "இருக்கிற பந்து நன்றாகத்தானே இருக்கிறது?" என்று அலுவலகத்தில் பதில் வந்தது. நாங்கள் அந்த வருடம் முழுக்க ஏழாம் நம்பரிலேயே பழகினோம்.

இன்டர் காலேஜ் போட்டிக்கு வேறு ஊர் போனோம். அங்கே எல்லாம் ஆறாம் நம்பர். வார்ம் அப்பில் பந்தைக் கையில் வாங்கியதும் எங்களுக்கு ஒரே சந்தோஷம். விரல்கள் பந்தைச் சுற்றிப் பிடித்தன, டிரிபிளிங் கையோடு ஒட்டிக்கொண்டு வந்தது. ஆட்டம் தொடங்கிய பிறகுதான் விஷயம் புரிந்தது. போட்ட ஷாட் எல்லாம் ரிங்கின் பின் விளிம்பில் பட்டுத் தெறித்தது. ஏழாம் நம்பருக்குப் பழகிய கை, அதே பலத்தோடு தள்ளிக்கொண்டே இருந்தது. ஃப்ரீ த்ரோ, அதாவது எதிரணி ஃபவுல் செய்தால் யாரும் தடுக்காமல் போடக் கிடைக்கும் ஷாட், நான் ஆறு போட்டதில் ஒன்றுதான் விழுந்தது. 29-41 என்று தோற்றோம்.

போட்டி லீக் கம் நாக் அவுட். இன்னொரு லீக் ஆட்டம் தோற்றால் மறுநாளே ஊருக்குப் பஸ். தங்கியது அந்தக் கல்லூரி வகுப்பறையில், பெஞ்சுகளை ஓரம் தள்ளிவிட்டுத் தரையில். இரவுச் சாப்பாடு முடிந்ததும் பி.டி. மிஸ் எங்கோ போனார். திரும்பி வரும்போது கையில் ஒரு ஆறாம் நம்பர் பந்து. போட்டி நடத்திய கல்லூரியின் பி.டி. மேடத்திடம் கெஞ்சி ஓர் இரவுக்கு வாங்கியிருந்தார். "வாங்கடி, எல்லாரும்."

கோர்ட்டில் ஒரு மூலையில் மட்டும் லைட் எரிந்தது. பதினொரு பேருக்கு ஒரு பந்து. ஆளுக்குப் பத்து ஃப்ரீ த்ரோ, முடிந்ததும் வரிசையின் கடைசிக்குப் போக வேண்டும். மிஸ் ரிங்குக்குக் கீழே நின்று, பந்தை எடுத்துப் போட்டபடி ஒரே வார்த்தையைச் சொல்லிக்கொண்டிருந்தார்: "மெதுவா." முழங்காலை வழக்கத்தில் பாதி மட்டும் மடக்கி, மணிக்கட்டில் மட்டும் விட்டுப் பார்த்தேன். நான்காவது சுற்றில்தான் பந்து விளிம்பைத் தொடாமல் இறங்கியது. மணி பதினொன்று தாண்டியிருக்கும். வாட்ச்மேன் வந்து விரட்டவில்லை, படியில் உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருந்தார்.

அடுத்த இரண்டு லீக் ஆட்டமும் ஜெயித்தோம். அரையிறுதியும் ஜெயித்தோம். இறுதிப் போட்டியில் 44-47 என்று தோற்றோம். அதில் எனக்கு எட்டு ஃப்ரீ த்ரோ கிடைத்தது, ஏழு விழுந்தது. எங்களில் இரண்டு பேர் பல்கலைக்கழக அணிக்குத் தேர்வாகித் தென்மண்டலப் போட்டிக்குப் போனார்கள். நான் தேர்வாகவில்லை. அது இன்றைக்கும் வலிக்கிறது, மறைக்க மாட்டேன்.

"நீ என்ன இந்தியாவுக்கா ஆடினாய்?" என்று கீழே யாராவது கேட்பீர்கள். இல்லை. அதற்குச் சென்னையின் அனிதா பால்துரை இருக்கிறார். இந்திய அணிக்கே கேப்டனாக இருந்தவர், 2021இல் பத்மஸ்ரீ. எனக்குச் சோறு போடுவது நான் படித்த கணிதம்தான். ஆனால் மூன்று வருடக் கல்லூரியில் அந்த இரவுக்கு ஈடாக வேறொன்றை என்னால் சொல்ல முடியவில்லை.

பந்துகூடவா வாங்கித்தர மாட்டார்கள் என்று நம்பாதவர்களுக்கு ஒன்று. 2021 மார்ச்சில் அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்துப் போட்டிகள் நடந்தபோது ஆண்களுக்குப் பெரிய ஜிம்மே அமைத்துக் கொடுத்தார்கள். சான் அன்டோனியோவில் பெண்களுக்கு வைத்தது ஒரே ஒரு அடுக்கு டம்பெல்லும் கொஞ்சம் யோகா விரிப்பும். ஒரேகான் அணியின் செடோனா பிரின்ஸ் அதைப் படமெடுத்துப் போட்ட பிறகுதான் சாமான்கள் வந்து இறங்கின. அவ்வளவு பணம் புழங்கும் இடத்திலேயே அப்படி.

சரி, படிப்பு. அந்த செமஸ்டரில் என் அட்டெண்டன்ஸ் 68 சதவீதம், வேண்டியது 75. ஓ.டி. கடிதம், அதாவது கல்லூரி வேலையாகத்தான் வகுப்புக்கு வரவில்லை என்கிற 'ஆன் டியூட்டி' கடிதம், கொடுத்திருந்தேன், ஆனால் அது துறைக்கு வந்து சேரவில்லை என்றார்கள். ஆடியது கல்லூரிக்காக, இரண்டாம் இடக் கோப்பை முதல்வர் அறை அலமாரியில், அட்டெண்டன்ஸ் குறைவுக்கான காண்டொனேஷன் ஃபீஸ் கட்டியது என் அம்மா. உங்கள் மகளிடம் சொல்லுங்கள்: ஒவ்வொரு ஓ.டி. கடிதத்துக்கும் நகல் எடுத்து, கையெழுத்தும் தேதியும் வாங்கி வைத்துக்கொள்ளட்டும். மார்க் எனக்குக் குறையவில்லை. எல்லாருக்கும் அப்படியே நடக்கும் என்று சொல்ல வரவில்லை, எனக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

முழங்காலையும் கவனியுங்கள். முழங்காலுக்குள் இருக்கும் ஏ.சி.எல். என்ற தசைநார் கிழிவது பெண்களுக்கு ஆண்களைவிட அதிகம். குதித்து இறங்கும்போது முழங்கால் உள்பக்கம் சாயாமல் மடங்கி இறங்கப் பழக்குகிறார்களா என்று கேளுங்கள்.

கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் சொல்லிவிடுகிறேன். உயரமாக வளர வேண்டும் என்பதற்காகப் பெண் குழந்தைகளைக் கூடைப்பந்துக்கு அனுப்பாதீர்கள். உயரம் பெரும்பாலும் அப்பா அம்மாவிடமிருந்து வருவது. "ஆடியும் வளரலையே" என்று கல்யாண வீடுகளில் என்னை நிற்க வைத்துக் கேட்டிருக்கிறார்கள். பந்தை நடுக்கோட்டுக்கு அந்தப்பக்கம் கொண்டுபோக எட்டு வினாடி, ஷாட் போட இருபத்துநான்கு வினாடி. அதற்குள் நாலு பேர் எங்கே நிற்கிறார்கள் என்று பார்த்துப் பாஸ் போட்டவளிடம் கேட்கிற கேள்வியா அது?

முடிந்தால் ஒரு நாள் காலையில் மகளோடு கோர்ட்டுக்குப் போங்கள். பந்தைக் கையில் வாங்கி, அதில் என்ன நம்பர் போட்டிருக்கிறது என்று பாருங்கள். ஏழு என்று இருந்தால், பி.டி. மிஸ் ஏற்கெனவே கடிதம் எழுதியிருப்பார். நீங்களும் ஒன்று எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள்.