செங்கோட்டை ஸ்டேஷனும் ஆரியங்காவு மலைப்பாதையும்: கேள்வி பதில்

கடையநல்லூர் வாசகர்: அண்ணாச்சி, செங்கோட்டையை எல்லை ஸ்டேஷன்னு சொல்லுதாவ. எல்லை பகவதிபுரம் தாண்டி மலைக்குள்ளல்லா இருக்கு?

இப்போது மலைக்குள்தான். ரயில் வந்த காலத்தில் அப்படியில்லை. தென்காசி பிரிட்டிஷ் திருநெல்வேலி ஜில்லா, செங்கோட்டை திருவிதாங்கூர். இரண்டுக்கும் நடுவே 8 கி.மீ. தூரம், எல்லை அந்தச் சமவெளியில்தான் ஓடியது. தென்காசியில் ஏறி செங்கோட்டையில் இறங்கினால் வேறு ராஜ்யத்தில் இறங்கியதாக அர்த்தம். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பாதை 1903-ல் செங்கோட்டைக்கு வந்தது. மலையைக் குடைந்து புனலூர் வரை சேர்த்தது 1904 நவம்பர் 26. அப்போது திருவிதாங்கூரில் மூலம் திருநாள் மகாராஜாவின் ஆட்சி. பகவதிபுரத்துக்கும் ஆரியங்காவுக்கும் நடுவிலுள்ள பெரிய குகையின் வாசலில் திருவிதாங்கூரின் சங்கு முத்திரை இருப்பது அதனால்தான்.

1956 நவம்பர் 1-ல் மொழிவாரி மாநிலம் பிரித்தபோது செங்கோட்டை சென்னை மாநிலத்துக்கு வந்தது. எல்லை மேற்கே நகர்ந்து மலைமேல் ஏறிக்கொண்டது. திருவிதாங்கூரின் முதல் ஸ்டேஷனாக இருந்த ஊர், தமிழ்நாட்டுப் பக்கத்துக் கடைசிப் பெரிய ஸ்டேஷனானது. ஒரு செங்கல்லும் இடம் மாறாமல் நடந்த மாற்றம் இது. செங்கோட்டையைப் பற்றிப் பேசுகிறவர்கள் முதலில் இதைத்தான் சொல்ல வேண்டும் என்பது என் எண்ணம்.

பாவூர்சத்திரம் வாசகர்: அந்தக் காலத்தில் இந்தப் பாதைக்கு அவ்வளவு மவுசா சார்?

மவுசு என்பதைவிட, வேறு வழியே கிடையாது. 1918-ல் கொல்லத்திலிருந்து பாதை திருவனந்தபுரத்துக்கு நீண்டது. எர்ணாகுளத்திலிருந்து கோட்டயம் வழியாகக் கொல்லத்துக்குப் பாதை முழுதாகச் சேர்ந்தது 1958-ல்தான். அதுவரை நாற்பது வருஷமாக, திருவனந்தபுரத்துக்காரர் மெட்ராஸுக்கு ரயிலில் போகவேண்டுமென்றால் செங்கோட்டையைத் தாண்டித்தான் ஆகவேண்டும். நாகர்கோவில் வழி 1980-ஐ ஒட்டித்தான் வந்தது. 1927-ல் விருதுநகர்–தென்காசி பாதை திறந்ததும் மெட்ராஸ் போகும் வண்டிகளுக்குத் திருநெல்வேலியைச் சுற்றும் அலைச்சல் மிச்சமானது. கொல்லம் மெயில் பேர் வாங்கியது அந்த வழியில்தான்.

அம்பாசமுத்திரம் வாசகர்: அப்படிப்பட்ட பாதை எப்படி நொடிச்சுப் போச்சு?

கேஜ்தான், அதாவது இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவிலுள்ள அகலம்தான் காரணம். 1970-களின் நடுவில் எர்ணாகுளம்–கொல்லம்–திருவனந்தபுரம் பாதை பிராட்கேஜ் ஆகிவிட்டது. செங்கோட்டைப் பக்கம் மீட்டர்கேஜாகவே நின்றுபோனது. 1,676 மி.மீ. பிராட்கேஜும் 1,000 மி.மீ. மீட்டர்கேஜும் சந்திக்கிற இடத்தில் சரக்கை ஒரு வேகனிலிருந்து இறக்கி இன்னொன்றில் ஏற்றவேண்டும். கூலி, தாமதம், சேதம் மூன்றும் சேரும். எந்த வியாபாரி அதற்கு நிற்பார்? லாரி நேரே கடைவாசலுக்கு வந்துவிடுகிறது. பயணிகளும் கொல்லத்தில் வண்டி மாறச் சலித்துக்கொண்டார்கள்.

பிறகு கேஜ் மாற்றமும் துண்டு துண்டாகத்தான் நடந்தது. விருதுநகர் பக்கம் 2004-ல் முடிந்தது. திருநெல்வேலி–தென்காசி 2012. மலைப்பகுதியில் கடைசி மீட்டர்கேஜ் வண்டி ஓடியது 2010 செப்டம்பரில். கொல்லம் வரை முழுப்பாதையையும் திறந்துவைத்தது 2018 ஜூன் 9-ல். ஏன் இவ்வளவு காலம் என்று கேட்பீர்கள். பிராட்கேஜ் பெட்டி அகலத்திலும் உயரத்திலும் பெரிது. பழைய குகைகளைச் சுற்றிலும் வெட்டி அகலமாக்க வேண்டும். மேலே பாறையும் சரியக்கூடாது. கழுதுருட்டி பக்கம் நெடுஞ்சாலையை ஒட்டி நிற்கும் பதிமூணு கண் பாலம் போன்ற கல் கட்டுமானங்களைக் கூடுதல் பாரத்துக்குப் பலப்படுத்த வேண்டும். மழைக்காலத்தில் இந்த வேலை எதுவும் நடக்காது.

சுரண்டை வாசகர்: பின்னாடியும் ஒரு எஞ்சின் மாட்டுதாங்களே, முன்னாடியே ரெண்டையும் மாட்டினா என்ன?

நல்ல கேள்வி தம்பி. பின்னால் மாட்டுவதற்குப் பெயர் பேங்கர். கொல்லம் போகிற வண்டிக்குச் செங்கோட்டையிலும், வருகிற வண்டிக்குப் புனலூரிலும் மாட்டுவார்கள். முன்னாலேயே இரண்டையும் போட்டால் மொத்த வண்டியின் கனமும் முதல் பெட்டியின் கப்ளிங்கில், அதாவது பெட்டியைக் கோக்கும் இணைப்பில் விழும். ஏற்றத்தில் அது அறுந்தால் பின்பாதி வண்டி சரிவில் உருளப் பார்க்கும். பேங்கர் பின்னாலிருந்து தாங்கித் தள்ளும்போது இழுப்பு பாதியாகிறது. கப்ளிங் விட்டாலும் பெட்டிகளுக்குப் பின்னால் சரிவின் கீழ்ப்பக்கம் ஓர் எஞ்சின் நிற்கிறது.

இறக்கத்தில்தான் அதன் அருமை இன்னும் தெரியும். வெறும் பிரேக் கட்டையை மட்டும் நம்பிக் கிலோமீட்டர் கணக்கில் இறங்கினால் சக்கரம் சூடேறும், பிடி தளரும். அதனால் இரு முனையிலும் எஞ்சின் மோட்டாரையே பிரேக்காகப் பயன்படுத்தி இறக்குவார்கள். வேகம் மணிக்கு 30 கி.மீ. அளவில்தான்.

இதில் தவறு நடக்கக்கூடிய இடம் இரண்டு ஓட்டுநர்களின் ஒத்திசைவு. வளைவில் முன்எஞ்சின் இழுப்பைக் குறைத்து, பேங்கர் விடாமல் தள்ளினால், நடுவிலுள்ள லேசான பெட்டி பிதுங்கித் தண்டவாளத்தைவிட்டு ஏறிவிடும். ஆகவே வாக்கிடாக்கியில் பேசிக்கொண்டே இருப்பார்கள், ஹாரன் சைகையும் உண்டு. பேங்கர் மாட்டியதும் கடைசி வரை பிரேக்குக்கான காற்றழுத்தம் போய்ச் சேருகிறதா என்று சோதித்த பிறகுதான் வண்டி எடுப்பார்கள். செங்கோட்டையில் வண்டி சும்மா நிற்கிறது என்று முணுமுணுக்கிறோமே, அந்த நேரத்தில் நடப்பது இந்த வேலைதான். அதைச் சுருக்கச் சொல்லி யாரும் கேட்கக்கூடாது.

புளியங்குடி வாசகர்: பெட்டி குறைவா இருக்கே, கூட்டக்கூடாதா?

ஆரம்பத்தில் 14 பெட்டிதான் வரம்பு. 2024-ல் 18 பெட்டியுடன் சோதனை ஓட்டம் நடத்தி, பாலருவி எக்ஸ்பிரஸில் நான்கு பெட்டி சேர்த்தார்கள். அந்த வண்டி தூத்துக்குடி வரை நீண்டதும் அதே சமயம். எஞ்சினுக்குத் திராணி இருந்தால் மட்டும் போதாது. மலை ஸ்டேஷன்களில் எதிர்வண்டிக்கு ஒதுங்கும் லூப்பின் நீளமும் பிளாட்பார நீளமும் ஒத்துவர வேண்டும். ஒற்றைப் பாதை என்பதால் ஒரு வண்டி லூப்பில் முழுதாக அடங்காவிட்டால் அங்கே வைத்துக் கிராசிங் போட முடியாது. ஆகவே பெட்டி கேட்டு மனு எழுதுகிறவர்கள் லூப் நீட்டிப்பையும் சேர்த்துக் கேளுங்கள்.

இலஞ்சி வாசகர்: சாரல் சீசன்ல வண்டி லேட்டாவுது, மண்சரிவா?

சில சமயம் பாறையோ மரமோ விழுவதுண்டு. மழைநாளில் லைனில் ரோந்து போவார்கள். மலைச்சரிவின் மேல்பக்கத்து ஓடைகளைத் தூர்வாரி வைத்தால்தான் தண்ணீர் ஜல்லிக்குள் இறங்காது. ஆனால் எஞ்சினுக்கு அதிகத் தொந்தரவு தருவது பெருமழை அல்ல, நம்முடைய சாரல்தான். கொட்டுகிற மழை தண்டவாளத்தைக் கழுவிவிடும். சாரல் துரும்பையும் இலைச்சாற்றையும் எண்ணெய்ப் பிசுக்கையும் குழைத்துப் பூசிவிடுகிறது. சக்கரம் பிடிக்காமல் சுற்றும். அதற்காகத்தான் எஞ்சினில் மணல் பெட்டி. சக்கரத்துக்கு முன்னால் மணல் தூவிப் பிடிப்பு வரவழைப்பார்கள். மணல் ஈரமாகிக் கட்டிதட்டிப் போனால் குழாய் அடைத்துக்கொள்ளும். சாரல் காலத்தில் உலர்ந்த மணலுக்கு அவ்வளவு மதிப்பு.

ஆலங்குளம் வாசகர்: வாஞ்சிநாதன் ஆஷ் துரையைச் சுட்டது செங்கோட்டை ஸ்டேஷன்லயா?

இல்லை. 1911 ஜூன் 17, மணியாச்சி. வாஞ்சியின் சொந்த ஊர் செங்கோட்டை. புனலூரில் திருவிதாங்கூர் வனத்துறையில் வேலை.

தென்காசி வாசகி: குழந்தைகளுக்கு மலைப்பாதையைக் காட்டணும் அண்ணாச்சி. எந்த வண்டி?

பகலில் மலை ஏறுகிற வண்டி முக்கியம் அம்மா. பாலருவி நடுராத்திரி தாண்டும், ஒன்றும் தெரியாது. மதுரை–குருவாயூர் எக்ஸ்பிரஸ் பிற்பகலில் செங்கோட்டையை விடும். கொல்லத்திலிருந்து சென்னை எழும்பூர் வண்டி நண்பகலில் கிளம்பும், அதுவும் தோது. நேரம் மாறுவதுண்டு, கிளம்புமுன் பார்த்துக்கொள்ளுங்கள். செங்கோட்டை–புனலூர் 50 கி.மீ.க்குச் சற்றுக் குறைவு. இரண்டு, இரண்டரை மணி நேரம் ஆகும். கொல்லம் வரை போகவேண்டியதில்லை. தென்மலையில் வண்டி நின்றால் இறங்கி பஸ்ஸில் திரும்பலாம், தேசிய நெடுஞ்சாலை 744 கூடவே வருகிறது. பதிமூணு கண் பாலத்தை முழுசாகப் பார்க்க அந்தச் சாலைதான் சரியான இடம். வண்டிக்குள் இருந்தால் காலடியில் போய்விடும். குகைக்குள் நுழையும்போது பிள்ளைகளின் கை, தலை ஜன்னலுக்கு வெளியே இருக்கக்கூடாது. சுவர் மிக நெருக்கம்.