அடிப்பதைக் குறையுங்கள், லெவல் தானாக ஏறும்

கேள்வி: பெருங்குடியில் ஐடி வேலை. இரவு பத்து மணிக்கு மேல்தான் கணினி முன் உட்கார முடிகிறது. பாத் ஆஃப் எக்ஸைல் என்ற கணினி விளையாட்டில் புது லீக் (எல்லாரும் முதலிலிருந்து தொடங்கும் பருவம்) வந்தால் நண்பர்கள் முதல் வாரக் கடைசியிலேயே கதைப்பகுதியை முடித்து, அதற்குப் பிறகு ஆடும் 'மேப்' கட்டத்துக்குப் போய்விடுகிறார்கள். நான் கதையின் பத்து ஆக்டுகளில் (அத்தியாயங்களில்) ஆக்ட் 6-இல் கிடக்கிறேன். ஒரு அரக்கனையும் விடாமல் அடித்துக்கொண்டுதான் போகிறேன். ஆனாலும் லெவல் ஏற மாட்டேன் என்கிறது. என்ன செய்வது?

பதில்: ஒரு அரக்கனையும் விடாமல் அடிப்பதுதான் உங்களைப் பின்னுக்கு இழுக்கிறது. (நீங்கள் ஆடுவது முதல் பாகம் என்று எடுத்துக்கொள்கிறேன். இரண்டாம் பாகத்தின் கணக்கு வேறு.)

இந்த விளையாட்டில் உங்கள் லெவலுக்கும் பகுதியின் லெவலுக்கும் இடைவெளி கூடினால் எக்ஸ்பி (லெவல் ஏற்றும் அனுபவப் புள்ளி) வெட்டப்படும். எவ்வளவு இடைவெளி வரை வெட்டு கிடையாது என்பதற்கு ஒரு கணக்கு உண்டு: உங்கள் லெவலை 16-ஆல் வகுத்து, பின்னத்தை விட்டுவிட்டு, 3-ஐக் கூட்டுங்கள். லெவல் 10-இல் மூன்று, 20-இல் நான்கு, 32-இல் ஐந்து. அதைத் தாண்டினால் வெட்டு முதலில் லேசாகத்தான் இருக்கும், பிறகு சரசரவென்று கூடும். லெவல் 20 ஆளாக, லெவல் 12 பகுதியில் நின்று அடித்தால் வர வேண்டிய எக்ஸ்பியில் மூன்றில் ஒரு பங்குகூடத் தேறாது. அதே நேரத்தில் லெவல் 16 பகுதிக்குத் தள்ளிப் போயிருந்தால் முழு எக்ஸ்பி கிடைத்திருக்கும். பகுதியின் லெவல் மேப்பைத் திறந்தாலே மூலையில் தெரியும். அதைவிட இரண்டு மூன்று லெவல் கீழே இருப்பதுதான் நல்ல வேகம். வழியில் குறுக்கே வரும் கூட்டத்தை அடியுங்கள். ஓரத்தில் நிற்பதைத் தேடிப் போகாதீர்கள். ரொம்பக் கீழே போய்விட்டாலும் இதே வெட்டு உண்டு, அடியும் பலமாக விழும். அப்போது மட்டும் நின்று ஒரு பகுதியைத் துடைத்துவிட்டுப் போகலாம்.

சாவுக்குப் பயந்து மெதுவாகப் போகிறீர்கள் என்றால், சாதாரண லீக்கில் ஆக்ட் 5 முடிவில் வரும் பெரிய எதிரி கிட்டாவாவைக் கொல்லும் வரை செத்தாலும் எக்ஸ்பி போகாது. ஓடலாம். ஹார்ட்கோர் (ஒரு முறை செத்தாலே அந்த லீக்கை விட்டு வெளியே) ஆடுபவர்கள் இந்த வரியைப் படிக்காதீர்கள்.

சரி, ஓட்டத்துக்கு என்ன வேண்டும்? ஆக்ட் 1-இல் ஊரில் இருக்கும் நெஸ்ஸாவின் மருந்துப் பெட்டியை மீட்டுக்கொடுத்தால், குடித்தால் ஓட்டத்தைக் கூட்டும் குவிக்சில்வர் ஃபிளாஸ்க் கிடைக்கும். அது 40 சதவீத வேகம். இதை மட்டும் தவற விடவே கூடாது. சாதாரண பூட்ஸ், ஒரு குவிக்சில்வர் ஃபிளாஸ்க், ஆர்ப் ஆஃப் ஆக்மென்டேஷன் என்ற உருண்டை ஒன்று, மூன்றையும் கடைக்காரரிடம் சேர்த்து விற்றால் 10 சதவீத வேகமுள்ள பூட்ஸ் வரும். சட்டென்று தாவி நகரும் ஸ்கில்களையும் எடுங்கள்: லெவல் 4-இலேயே ஃப்ராஸ்ட்பிளிங்க், 10-இல் ஃபிளேம் டேஷ் அல்லது லீப் ஸ்லாம். கீழே விழுந்த மஞ்சள் (அரிய வகை) பொருளையெல்லாம் நின்று ஆராயாதீர்கள். உங்கள் ஸ்கில்லுக்குச் சரியான நிறத்தில் மூன்று, நான்கு சாக்கெட் (ஸ்கில் தரும் ஜெம்களைப் பதிக்கும் குழி) இணைந்த பொருள் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். இந்தக் கட்டத்தில் ஸ்கில்லுக்கு வலுச் சேர்க்கும் நல்ல சப்போர்ட் ஜெம் இரண்டு இருந்தால் சுமாரான ஆயுதமே போதும்.

வழி தெரியாமல் சுற்றுவதிலும் நிறைய நேரம் போகும். பகுதிகள் ஒவ்வொரு முறையும் மாறும், ஆனால் மாறுவதற்கும் ஒரு ஒழுங்கு உண்டு. ஆக்ட் 2-இல் ஓல்டு ஃபீல்ட்ஸில் தரையில் தெரியும் சாலையைப் பிடித்துப் போனால் கிராஸ்ரோட்ஸில் கொண்டுபோய் விடும். மேப்பைத் திரைமேல் படர விட்டுக்கொண்டே ஓடிப் பழகுங்கள்.

கிளைக் குவெஸ்டுகளில் பாஸிவ் பாயின்ட் (பாத்திரத்தை நிரந்தரமாக வலுவாக்கும் புள்ளி) தருவதை மட்டும் செய்யுங்கள். எது மிச்சம் என்று தெரிய, சாட்டில் சாய்கோடு போட்டு 'பாஸிவ்ஸ்' என்று ஆங்கிலத்தில் தட்டினால் பட்டியல் வரும். ஆக்ட் 3-இல் நூலகத்து சியோசாவின் குவெஸ்டை விடாதீர்கள். எல்லாப் பாத்திர வகுப்புகளின் ஜெம்மையும் அவரிடம் வாங்கலாம். லேபிரிந்த் என்ற பொறிகள் நிறைந்த புதிர்வழிக்குள் நுழைய வேண்டிய ஆறு சோதனைகளும் முதல் மூன்று ஆக்டுகளில் வரும், அவற்றை முடித்து லெவல் 33 வாக்கில் அசென்டன்சி (வகுப்பின் சிறப்புப் பிரிவு) எடுத்துவிடுங்கள். தள்ளிப்போட்டால் சேதம் போதாமல் ஆக்ட் 4-இல் திணறுவீர்கள்.

நீங்கள் மாட்டிக்கொண்ட ஆக்ட் 6-க்கு வருவோம். கிட்டாவா செத்ததும் நெருப்பு, குளிர், மின்னல் எதிர்ப்பு மூன்றிலும் 30 சதவீதம் நிரந்தரமாகக் குறையும். நெருப்பு எதிர்ப்பு 40 என்று நிம்மதியாக இருந்தவர் ஒரே நொடியில் 10-க்கு வந்துவிடுவார். ஆக்ட் 6-இல் திடீரென்று எல்லாமே கடினமாகத் தோன்றுவதற்கு முக்கியக் காரணம் இதுதான். ஊர்க் கடைக்காரர்களிடம் நெருப்புக்கு ரூபி, குளிருக்கு சஃபயர், மின்னலுக்கு டோபாஸ் மோதிரம் வாங்கி வையுங்கள். மிச்சத்தை ஹைட்அவுட்டில் (உங்கள் சொந்த இருப்பிடம்) இருக்கும் கிராஃப்டிங் பெஞ்சில் உங்கள் பொருட்களில் ஏற்றுங்கள். இலக்கு மூன்றிலும் 75. ஆக்ட் 10 முடிவில் இன்னொரு 30 போகும், அதற்கும் இப்போதிருந்தே சேருங்கள். 2017-க்கு முன் இருந்த ஆக்டுகளையே மூன்று முறை திரும்ப ஆட வேண்டியிருந்தது. பத்து ஆக்ட் என்பது உண்மையில் சலுகைதான்!

கடைசியாக, கணினி. இன்னும் ஹார்டு டிஸ்கில்தான் ஓட்டுகிறீர்கள் என்றால் முதலில் ரிச்சி ஸ்ட்ரீட் போய் ஒரு எஸ்எஸ்டி வாங்குங்கள். கதைப்பகுதி முழுக்கப் பகுதி மாறிக்கொண்டே இருப்பதால், லோடிங் திரையிலேயே ஒரு இரவு போய்விடும். கேட்வேயில் (எந்த ஊர் சர்வர் என்று தேர்ந்தெடுக்கும் இடம்) சிங்கப்பூரை வைத்துப் பாருங்கள். இணைப்பு சீராக இருந்தால் நெட்வொர்க் முறையை லாக்ஸ்டெப்பில் (சர்வரின் பதில் வந்த பிறகே அசையும்) வையுங்கள். மழைக்காலத்தில் இணைப்பு விட்டு விட்டு வந்தால் பிரடிக்டிவுக்கு (பதிலுக்குக் காத்திராமல் ஊகித்து ஓடும்) மாற்றிக்கொள்ளுங்கள்.